பட்டினி போடாமல் ஒரு பூனையை இளைக்க வைப்பது

"ஏன்டி, வாயில்லா ஜீவனை இப்படிப் பட்டினி போடுற? அந்தப் பாவம் உன்னைச் சும்மா விடாது."

அம்மா இதைச் சொன்னபோது நான் சமையல் மேடையில் டிஜிட்டல் தராசை வைத்து, அதன்மேல் எவர்சில்வர் கிண்ணத்தை வைத்து, வெல்லத்தின் காலைச் சாப்பாட்டை நிறுத்துக்கொண்டிருந்தேன். வெல்லம் எங்கள் பூனை. ஆறு வயது. அச்சு வெல்லத்தின் நிறம், அதனால் அந்தப் பெயர். அன்றைக்கு அவன் எடை 6.9 கிலோ. அம்மாவின் பேச்சைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. கிண்ணத்தில் இருந்தது ஒரு பூனைக்கு வேண்டிய அளவு. அன்றைக்கு அம்மா சொன்னது சரியில்லை. ஆனால் பத்து நாள் கழித்து அது சரியாகிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை இரவிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை வரை வெல்லம் என்னால் பட்டினி கிடந்தான். அவன் இளைத்துவிட்டான், இப்போது நன்றாக இருக்கிறான். பார்க்கிறவர்கள் "எப்படி இளைக்க வைத்தீர்கள்" என்று கேட்கிறார்கள். "வெட் ஃபுட்" (பாக்கெட்டில் வரும் ஈரமான பூனை உணவு) என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு நகர எனக்கு மனசு வரவில்லை. அந்த ஒன்றரை நாளையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழுப் பதில்.

தடுப்பூசி போடப் போன இடத்தில்தான் இது ஆரம்பித்தது. டாக்டரம்மா அவனை மேசையில் விட்டு இரண்டு கையாலும் விலாவைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னிடம், "உங்க கையை நீட்டுங்க" என்றார். முஷ்டியை மடக்கி, விரல் முட்டுகளைத் தடவச் சொன்னார். "விலா இப்படித் தட்டுப்பட்டா பூனை ரொம்ப ஒல்லி." விரல்களை விரித்துப் புறங்கையைத் தடவச் சொன்னார். "இப்படி இருக்கணும். எலும்பு கைக்குத் தெரியணும், துருத்திக்கிட்டு நிக்கக் கூடாது." கையைத் திருப்பி, உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் சதையைத் தடவ வைத்தார். "இப்ப இவனைத் தொட்டுப் பாருங்க." தொட்டேன். உள்ளங்கைதான். அழுத்தித் தேடினால்தான் எலும்பு கிடைத்தது. அட்டையில் ஒன்பதுக்கு எட்டு என்று எழுதினார். ஐந்து என்றால் சரியான உடம்பு. அதற்கு மேலே ஏறும் ஒவ்வொரு எண்ணுக்கும் ஏறத்தாழ பத்திலிருந்து பதினைந்து சதவீதம் கூடுதல் எடை என்று கணக்கு. வெல்லத்தின் எலும்புக்கட்டுக்கு 5 கிலோ போதும் என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு, தினமும் பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம் வேறு மாதிரி தெரிந்தது. அவன் வாலுக்கு மேலே முதுகின் கடைசிப் பகுதியில் முடி கொத்துக் கொத்தாக ஒட்டிக் கிடக்கும், பொடுகு உதிரும். வெயில் காலத்து வறட்சி என்று நினைத்து தேங்காய் எண்ணெய்கூடத் தடவியிருக்கிறேன். உண்மையில் அவனால் அங்கே நாக்கை எட்டவைக்க முடியவில்லை. பூனை தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்கிற பிராணி. அதைச் செய்ய முடியாமல் வயிறு தடுத்திருக்கிறது. ஜன்னல் திட்டில் ஏற முதலில் ஸ்டூல், அப்புறம் நாற்காலி, அப்புறம் திட்டு என்று மூன்று தவணையாக ஏறுவான். "வயசாகுது பாவம்" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். ஆறு வயது பூனைக்கு நடுவயதுகூட முழுசாக ஆரம்பித்திருக்காது.

கருத்தடை செய்த பூனை, அதுவும் மூன்றாவது மாடி ஃப்ளாட்டுக்குள்ளேயே வாழ்கிற பூனை. கருத்தடைக்குப் பிறகு உடம்புக்குத் தேவைப்படும் சக்தி குறைகிறது, பசியோ கூடுகிறது. கருத்தடை செய்தது தப்பில்லை, கட்டாயம் செய்ய வேண்டியதுதான். அதற்கப்புறம் சாப்பாட்டு அளவை மாற்றாமல் விட்டதுதான் எங்கள் தப்பு. உடல் பருத்த பூனைக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம், மூட்டுகளும் சீக்கிரம் தேயும் என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்கு அப்பாவின் இன்சுலின் பேனா நினைவுக்கு வந்தது. இவனுக்கும் தினம் இரண்டு வேளை ஊசி என்றால் யார் போடுவது, அவன் எப்படித் தாங்குவான்.

இரண்டு கைகளும் ஓர் ஆழாக்கும்

எங்கள் வீட்டில் வெல்லத்தின் ட்ரை ஃபுட்டை (மொறுமொறுப்பான உலர் உருண்டை உணவை) அளக்க ஒரு பழைய பித்தளை ஆழாக்கு இருந்தது, பாட்டி காலத்தது. காலையில் அம்மா அரை ஆழாக்கு, சாயங்காலம் அப்பா அரை ஆழாக்கு. அளந்துதான் போடுகிறோம் என்று எல்லோருக்கும் நிம்மதி. புதிதாக வாங்கிய தராசில் முதல் நாள் நான் செய்த வேலை, அவர்களிடம் எதுவும் சொல்லாமல், அவர்கள் போட்ட கிண்ணத்தை எடுத்து நிறுத்துப் பார்த்ததுதான். அம்மாவின் அரை ஆழாக்கு 38 கிராம். அப்பாவின் அரை ஆழாக்கு 55 கிராம். அப்பா குவித்துப் போடுவார். அரிசி அளந்தாலும் அப்படித்தான், தலை தட்ட மாட்டார். கடைக்காரர் தலை தட்டினால் முகம் சுளிக்கிற ஆள். அவரைப் பொறுத்தவரை குவித்துப் போடுவதுதான் மரியாதை.

ட்ரை ஃபுட் பையில் கலோரி அச்சிட்டிருக்கவில்லை. ஆனால் புரதம், கொழுப்பு, நார், ஈரப்பதம் நான்கும் சதவீதத்தில் இருக்கும். இதை வைத்துக் கணக்குப் போடலாம். எங்கள் பையில் புரதம் 30, கொழுப்பு 10, நார் 4, ஈரப்பதம் 10. சாம்பல்சத்து போட்டிருக்காவிட்டால் ட்ரை ஃபுட்டுக்கு 8 என்று வைத்துக்கொள்ளலாம். இதையெல்லாம் கூட்டி நூறிலிருந்து கழித்தால் மிச்சம் 38, அது மாவுச்சத்து. புரதத்தையும் மாவுச்சத்தையும் மூன்றரையாலும் கொழுப்பை எட்டரையாலும் பெருக்கிக் கூட்டினால் 100 கிராமுக்கு ஏறத்தாழ 320 கலோரி. புரதமும் கொழுப்பும் 'குறைந்தபட்சம்' என்றுதான் போட்டிருப்பார்கள், அதனால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். அம்மாவும் அப்பாவும் போட்ட 93 கிராமுக்கு 300 கலோரி. அதோடு முடியவில்லை. அம்மா காபி கலக்கும்போது காலைச் சுற்றிச் சுற்றி வருகிறவனுக்கு அரை டம்ளர் பால், பச்சைப் பாக்கெட் பால், அது ஏறக்குறைய 70 கலோரி. பையன் டிவி பார்க்கும்போது கொடுக்கிற தின்பண்டம். ஞாயிற்றுக்கிழமை மீன்.

5 கிலோ பூனை சும்மா படுத்துக் கிடந்து உயிர் வாழவே சுமார் 230 கலோரி வேண்டும். எடை குறைய வேண்டிய பூனைக்கு அதில் எண்பது சதவீதம், அதாவது 190 அளவில் ஆரம்பிக்கலாம் என்றார் டாக்டரம்மா. இந்த எண் எல்லாப் பூனைக்கும் பொருந்தாது, உங்கள் டாக்டர் உங்கள் பூனையைப் பார்த்துச் சொல்வதே கணக்கு. வெல்லத்துக்கு நாங்கள் அதைப்போல இரண்டு மடங்கு போட்டுக்கொண்டிருந்தோம். அவனுக்குக் கொடுத்த பால் மட்டுமே நாளின் பங்கில் மூன்றில் ஒன்றுக்கு மேல். இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனசில்லை. நான்கு பேர் இருக்கிற வீட்டில் நான்கு பேரும் அவன்மேல் பிரியமாக இருந்தார்கள், ஒருவர் கொடுத்தது இன்னொருவருக்குத் தெரியாது. அவ்வளவுதான் நடந்தது.

190 கலோரிக்கு ட்ரை ஃபுட்டை நிறுத்தால் 60 கிராம் வரும். கிண்ணத்தின் அடியை மறைக்கும், அவ்வளவுதான். இரண்டு வேளையாகப் பிரித்தால் அதுவும் இல்லை. அம்மா "பட்டினி" என்று சொன்னது அந்த 30 கிராம் கிண்ணத்தைப் பார்த்துத்தான். வெல்லமும் அப்படித்தான் நினைத்தான். ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டு, காலிக் கிண்ணத்தை மூக்கால் தள்ளிக்கொண்டு ஹாலுக்கே வந்துவிடுவான். எவர்சில்வர் மொசைக் தரையில் உராயும் சத்தம் விடிகாலை நாலரை மணிக்குக் கேட்கும்.

அதனால்தான் வெட் ஃபுட். அந்தச் சின்ன பாக்கெட்டில் பாதிக்கு மேல், கிட்டத்தட்ட நூற்றுக்கு எண்பது பங்கு, தண்ணீர். நான் வாங்கிய பாக்கெட் 85 கிராம், அதே கணக்கைப் போட்டால் 60 கலோரி. ஒரு நாளைக்கு மூன்று பாக்கெட் என்றால் 255 கிராம் சாப்பாடு, கலோரி 180தான். அறுபது கிராம் எங்கே, இருநூற்று ஐம்பது கிராம் எங்கே. வயிறு நிறையும், கிண்ணமும் நிறையும், அம்மாவின் மனசும் நிறையும். இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. அது வேட்டையாடும் எலியின் உடம்பிலேயே பெரும்பகுதி தண்ணீர். அதனால் தேடிப்போய்த் தண்ணீர் குடிக்கும் பழக்கம் பூனைக்கு அவ்வளவாகக் கிடையாது. பத்து சதவீதம் ஈரம் உள்ள உருண்டைகளைத் தின்றுவிட்டு, அதற்கு ஈடாகக் குடிக்கவும் மாட்டாது. சென்னை மே மாதத்தில் ஒரு ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைப்பு வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய அவஸ்தை என்று. மூன்றாவது, புரதம். பூனை இறைச்சியை நம்பிப் பிறந்த உயிர். இளைக்கும்போது கொழுப்புதான் கரைய வேண்டும், தசை கரையக் கூடாது. அதற்குப் புரதம் தாராளமாகக் கிடைக்க வேண்டும்.

இதையெல்லாம் படித்தேன், குறித்துக்கொண்டேன், ஒரு பெட்டி பாக்கெட் வரவழைத்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து சேர்ந்தது.

வெள்ளி இரவு முதல் ஞாயிறு காலை வரை

அன்றிரவே ட்ரை ஃபுட் டப்பாவை எடுத்து லாஃப்டில் போட்டுவிட்டேன். வெட் ஃபுட்டைக் கிண்ணத்தில் பிழிந்து வைத்தேன். வெல்லம் வந்தான், மோந்தான், ஒரு அடி பின்னால் நகர்ந்தான். பிறகு முன்னங்காலால் கிண்ணத்தைச் சுற்றித் தரையைப் பிறாண்டினான், மண்ணள்ளி மூடுகிற மாதிரி. மண் இல்லாத தரையில் அப்படிச் செய்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். எனக்குக் கவலையில்லை. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்றுதானே கேட்டு வளர்ந்திருக்கிறோம். அடம் பிடிக்கிறான், பசித்தால் தின்பான் என்று நினைத்தேன். ஒரு வேளை தின்னாவிட்டால்தான் என்ன, அவன் உடம்பில்தான் அத்தனை சேமிப்பு இருக்கிறதே, அது கொஞ்சம் கரையட்டுமே என்றும் நினைத்தேன். நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமை காலையில் வைத்ததையும் தொடவில்லை. மத்தியானம் வேறு பாக்கெட், வேறு சுவை. மோந்து பார்க்கக்கூட வரவில்லை. அம்மா இரண்டு தடவை லாஃப்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. பையன், "அம்மா, அவனுக்கு அந்தப் பழைய சாப்பாடே குடும்மா" என்றான். "நாம விட்டுக்கொடுத்தா அவன் கடைசி வரைக்கும் மாற மாட்டான்டா" என்று சொன்னேன். குழந்தைக்குப் பாடம் சொல்லும் குரலில் சொன்னேன். இரவு அவன் கத்தவில்லை. கிண்ணம் உருளும் சத்தம் இல்லை. நாலரை மணிக்கு எனக்குத் தானாக விழிப்பு வந்தது, அந்தச் சத்தம் இல்லாததால்.

தேடிப் போனால் குளியலறைத் தரையில், ஈரம் காயாத மூலையில் படுத்திருந்தான். பக்கத்தில் மஞ்சள் நுரையாக ஒரு வாந்தி. கூப்பிட்டால் காது மட்டும் திரும்பியது. விளக்கைப் போட்டு அவனைத் தூக்கியபோது எப்போதும் போல் கனமாகத்தான் இருந்தான், ஆனால் கையில் ஒரு ஈரத் துணியைத் தூக்கிய மாதிரி துவண்டு வந்தான். விடிந்ததும் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். எப்போதிலிருந்து சாப்பிடவில்லை என்று கேட்டார். சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு நொடி பேச்சில்லை.

"முதல்ல அவனுக்குப் பழகின சாப்பாட்டை வைங்க. இப்பவே. எடை எல்லாம் அப்புறம்" என்றார். பிறகு சொன்னதை நான் மறக்கப்போவதில்லை. "நாய் ரெண்டு நாள் சாப்பிடாம இருக்கறது வேற, பூனை வேற. அதுலயும் குண்டுப் பூனைக்குத்தான் பட்டினி ஆபத்து. உடம்புல இருக்கிற கொழுப்பு மொத்தமா கரைஞ்சு கல்லீரலுக்கு ஓடும். அதால அதைச் சமாளிக்க முடியாது, கல்லீரலே கொழுப்பேறிப் போயிடும். அப்படி ஆயிட்டா அதுவா சாப்பிடாது, குழாய் போட்டு வாரக்கணக்குல ஊட்டணும். காது உள்பக்கமும் ஈறும் மஞ்சளா இருக்கா பாருங்க."

அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா டார்ச் அடிக்க, நான் அவன் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு வெளிறிய ரோஸ் நிறம். காது மடலின் உள்பக்கமும் அப்படியே. மஞ்சள் இல்லை. அப்பா அதற்குள் ஸ்டூல் போட்டு லாஃப்டிலிருந்து டப்பாவை இறக்கிவிட்டார். ஆழாக்கில் அளக்கவில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்து வெல்லத்தின் முகத்துக்கு நேராகத் தரையில் உட்கார்ந்துகொண்டார். அறுபத்தெட்டு வயதில் முட்டி வலியோடு தரையில் உட்கார்கிற மனிதர் இல்லை அவர். வெல்லம் மோந்தான். ரொம்ப நேரம் மோந்தான். பிறகு ஓர் உருண்டையை நாக்கால் இழுத்தான், கடித்தான். அந்தக் 'கருக்' சத்தம் குளியலறையில் எதிரொலித்தது. நான் எண்ணினேன். பதினோரு உருண்டை. அதற்கு மேல் வேண்டாம் என்று அப்பாவின் மணிக்கட்டில் தலையைச் சாய்த்துக்கொண்டான். அதுவரை அடக்கிவைத்திருந்தேன், அப்போது அழுதுவிட்டேன்.

அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய் ரத்தம் எடுத்தோம். கல்லீரல் எண்கள் எல்லைக்குள் இருந்தன. தோலுக்கடியில் குளுக்கோஸ் கலக்காத சலைன் ஏற்றினார்கள், வாந்திக்கு ஊசி போட்டார்கள். மத்தியானம் இருபது கிராம் தின்றான், இரவு முப்பது. டாக்டரம்மா திட்டவில்லை. "உங்க கணக்கு எல்லாமே சரிதான். அவனுக்கு அது சாப்பாடுன்னே தெரியலை, அதுதான் பிரச்சினை" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். குட்டியிலிருந்து மொறுமொறுப்பான உருண்டையை மட்டுமே தின்று வளர்ந்த பூனைக்கு, வழவழப்பாக இருக்கும் ஒன்று உணவாகவே படாது. வாசனை வேறு, வாயில் படும் விதம் வேறு. அவன் பிடிவாதம் பிடிக்கவில்லை. சாப்பாடு எங்கே என்று தெரியாமல்தான் ஒன்றரை நாள் காத்திருந்தான்.

ஐந்து வாரம் எடுத்தது

மறுபடி ஆரம்பித்தபோது எடையைப் பற்றிய பேச்சையே ஒதுக்கிவைத்தோம். முதல் வேலை, காலையும் சாயங்காலமும் மொத்தமாக ட்ரை ஃபுட் போடும் வழக்கத்தை விட்டுவிட்டு, அதைப் பிரித்து வேளைக்கு வேளை வைப்பது. மூன்று வேளையாக ஆரம்பித்து நான்காக்கினோம். பழைய அளவையே கொடுத்தோம், குறைக்கவில்லை. இரண்டாவது வாரம், ட்ரை ஃபுட் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன மூடியில் அரை ஸ்பூன் வெட் ஃபுட். தின்ன வேண்டும் என்று இல்லை, அந்த வாசனை பக்கத்தில் இருந்து பழகினால் போதும். ஆறாவது நாள் நக்கினான். அதற்கப்புறம் உருண்டைகளை அம்மியில் நுணுக்கி (மிக்ஸியில் போட்டால் மாவாகிவிடுகிறது, அம்மியில் குருணையாக வரும்), அந்தக் குருணையை வெட் ஃபுட்டின்மேல் தூவி வைத்தோம். நாக்குக்கு முதலில் படுவது பழகிய ருசி. வாராவாரம் குருணை குறைந்தது, அடியில் இருப்பது கூடியது. எந்த நாளும் அவன் ஒரு வேளைக்கு மேல் வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது என்பதை மட்டும் நானே பார்த்துக்கொண்டேன். ஒரு நாள் மொத்தமும் பாதிக்குக் குறைவாகத் தின்றால் மறுநாள் ஒரு படி பின்னால் போய்விடுவோம். அப்படி மூன்று முறை பின்னால் போனோம்.

சூடும் முக்கியம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த வெட் ஃபுட்டை அவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். கிண்ணத்தை வெந்நீர் உள்ள தட்டில் ஐந்து நிமிடம் வைத்து, விரலால் தொட்டால் நம் உடம்புச் சூடு அளவுக்கு வந்ததும் கொடுத்தால் வாசனை கிளம்பிவிடும். வெந்நீர் ஆறிய பிறகு அதே தட்டு இன்னொரு வேலையும் செய்தது. நடுவில் கிண்ணம், சுற்றிலும் தண்ணீர், எறும்பு ஏறாது. பாட்டி சர்க்கரை டப்பாவுக்குச் செய்தது இப்போது வெல்லத்துக்கு. அப்படியும் நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. மிச்சத்தை எடுத்துக் கொட்டிவிட வேண்டும். கொட்ட மனசு வராமல்தான் நாங்கள் ஒரு பாக்கெட்டை இரண்டாகப் பிரித்து மூடி ஃப்ரிட்ஜில் வைக்கப் பழகினோம்.

கீழ்வீட்டு அக்கா, "எதுக்கும்மா இவ்வளவு செலவு, சிக்கனை வேகவெச்சுப் போட்டா அதுவும் வெட் ஃபுட்தானே" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வெறும் வேகவைத்த சிக்கன் முழு உணவாகாது என்பதுதான் சிக்கல். அதில் கால்சியம் போதாது. டாரின் என்ற சத்து பூனைக்கு வெளியிலிருந்து கிடைத்தே ஆக வேண்டும், வேகவைக்கும்போது அதில் ஒரு பகுதி தண்ணீரில் இறங்கிவிடும், அந்தத் தண்ணீரை நாம் கொட்டிவிடுவோம். டாரின் பற்றாக்குறையால் பூனைகளின் இதயம் வீங்கிப் பலவீனமாகிறது என்பதை 1987இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதற்கப்புறம்தான் கம்பெனி உணவுகளில் டாரின் அளவைக் கூட்டினார்கள். எப்போதாவது சிக்கன் கொடுக்கலாம், மாதக்கணக்கில் அதுவே சாப்பாடு என்று இருக்கக் கூடாது. குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிக் கொடுக்கிற துண்டு வேண்டவே வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். கடையில் வாங்கும் பாக்கெட்டிலும் 'முழுமையான உணவு' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். வெறும் டூனா துண்டும் குழம்பும் இருக்கிற சில பாக்கெட்டுகள் தின்பண்டக் கணக்கில்தான் சேரும்.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தினம் மூன்று பாக்கெட் என்றால் மாதத்துக்கு நாலாயிரம் ரூபாயைத் தாண்டியது. இரண்டு மாதம் பார்த்துவிட்டு டாக்டரம்மாவிடம் கூச்சப்படாமல் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "ரெண்டு பாக்கெட், மிச்சத்துக்கு இருபது கிராம் ட்ரை ஃபுட். கலோரி ஒண்ணுதானே" என்றார். அப்படியே மாற்றினோம். எடை அதே வேகத்தில் இறங்கியது. ட்ரை ஃபுட்டை விஷம் போலப் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் அந்த வெள்ளிக்கிழமை அப்படித்தான் டப்பாவை லாஃப்டில் போட்டேன். இப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெட் ஃபுட் வயிற்றை நிரப்பும், தண்ணீர் கொடுக்கும், குறைத்துக் கொடுப்பதைப் பூனைக்கும் வீட்டாருக்கும் தாங்கும்படி செய்யும். ஆனால் எடையைக் குறைப்பது தராசுதான். நிறுக்காமல் கொடுத்தால் வெட் ஃபுட்டிலும் பூனை பருக்கும்.

அவனை நிறுக்கவும் ஒரு வழி கிடைத்தது. நாம் ஏறி நிற்கிற எடை மிஷினில் அவனைத் தூக்கிக்கொண்டு நின்று கழித்துப் பார்த்தால் நூறு கிராம் இப்படி அப்படி ஆகிவிடும். வாரத்துக்கு அவன் குறைய வேண்டியதே உடம்பு எடையில் அரை முதல் ஒரு சதவீதம், அதாவது 35 முதல் 70 கிராம். அந்த மிஷினில் அது தெரியாது. ஜவுளிக்கடைக் கட்டைப்பையைத் தரையில் விரித்து வைத்தால் வெல்லம் தானாக உள்ளே போய் உட்கார்ந்துகொள்வான். பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசில் பையை மாட்டித் தூக்கினால் பத்து கிராம் வரை காட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை, மீன் வாங்கக் கிளம்பும் முன்னால், அப்பா தூக்க, பையன் எண்ணைப் படிக்க, நான் காலண்டரில் எழுதுவேன். ஒரு வாரம் 60 கிராம் இறங்கும், இன்னொரு வாரம் பத்து கிராம். ஐந்தாவது மாதம் நான்கு வாரம் அசையவே இல்லை. எனக்குக் கை பரபரத்தது, கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் குறைக்கலாமா என்று. குறைக்கவில்லை. கடைசியில் தெரிந்தது, பையன் ஸ்கூலில் இருந்து வந்ததும் ரகசியமாகச் சீஸ் துண்டு கொடுத்துக்கொண்டிருந்தான். அவனிடம் சீஸுக்குப் பதிலாக ஓர் ஈர்க்குச்சியைக் கொடுத்தேன், நுனியில் நூல் கட்டி, நூலில் கோழி இறகு கட்டி. பத்து நிமிடம் இரண்டு பேரும் ஹாலில் ஓடுவார்கள். வெல்லம் அவனிடம் போய் நின்றது சீஸுக்காக மட்டும் இல்லை என்று அவனுக்கும் புரிந்தது. ஒரு நாள் சீஸையே மறந்துவிட்டார்கள்.

ஒன்பது மாதம் ஆனபோது 5.4 கிலோ. இன்னும் நானூறு கிராம் இருக்கிறது, அவசரமில்லை. ஜன்னல் திட்டுக்கு ஸ்டூல் தேவைப்படுவதில்லை. எண்கள் எதையும்விட எனக்கு நம்பிக்கை தந்தது ஏழாவது மாதத்தில் ஒரு மத்தியானம். வெயில் விழும் இடத்தில் உட்கார்ந்து, பின்னங்காலை நீட்டி, உடம்பை வளைத்து, வாலுக்கு மேலே அந்தப் பொடுகு இருந்த இடத்தை அவனே நக்கிக்கொண்டிருந்தான். எட்டுகிறதா என்று சோதித்துப் பார்க்கிற மாதிரி முதலில் இரண்டு முறை, பிறகு நிறுத்தாமல். அம்மாவைக் கையைக் காட்டிக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் கதவோரம் நின்று பார்த்தோம். அந்த முடி இப்போது மற்ற இடத்து முடியைப் போலவே படிந்து கிடக்கிறது.

அம்மா இன்னும் என்னோடு முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. நாலு கிண்ணம் நிறைய வைத்தாலும் "பாதி தண்ணிதானே" என்பார். ஞாயிற்றுக்கிழமை மீன் மட்டும் அவர் பொறுப்பு. உப்பு, மஞ்சள் எதுவும் போடாமல் தனியாக வேகவைத்து, முள் எடுத்து, விரலால் உதிர்த்து வைப்பார். போன வாரம் நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து தராசு பீப் என்று சத்தம் போட்டது. வெல்லம் கத்துகிறான், அம்மா அவனிடம் ஏதோ சமாதானம் சொல்கிறார். பிறகு என்னைப் பார்த்துக் குரல் வந்தது:

"பதினாலு கிராம் காட்டுது. ஒரு துண்டு எடுத்துடவா, இருக்கட்டுமா?"